போர்சலின் கைவேலை பழக: எந்தச் சூளை, எந்த மண், எந்த வகுப்பு?

சக்கரம் இல்லாமல், கையாலேயே போர்சலின் (வெள்ளைப் பீங்கான்) பாத்திரம் செய்யப் பழக வேண்டும் என்ற ஆசை தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் நம் ஆட்களில் சிலருக்கு வந்திருக்கிறது. சாட்ஸ்வொர்த்தில் இருந்தும் பீனிக்ஸில் இருந்தும் என்னிடம் கேட்பவர்கள் எல்லோருமே மண்ணில்தான் ஆரம்பிக்கிறார்கள். எந்த மண் நல்லது, எங்கே கிடைக்கும், கிலோ என்ன விலை? நான் சொல்வது வேறு: மண்ணை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் யாருடைய சூளையில் சுடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அது தெரிந்தால் மண் தானாக முடிவாகிவிடும். மண் முடிவானால் எந்த முறையில் கட்டுவது, எந்த வகுப்புக்குப் போவது என்பதும் பாதி தீர்ந்துவிடும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்னக் கேள்வி. உங்களுக்கு வேண்டியது போர்சலின்தானா?

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் மட்பாண்டம் என்றதும் பலருக்கு ஞாபகம் வருவது ஆர்ட்மோர் என்ற மட்பாண்டக் கூடம். 1985ல் டிராகன்ஸ்பர்க் மலையடிவாரத்துப் பண்ணை ஒன்றில் ஃபீ ஹால்ஸ்டெட் தொடங்கியது. அங்கே அவரோடு வேலை செய்து பெரிய பெயர் எடுத்தவர் பானி ன்ட்ஷாலின்ட்ஷாலி. வரிக்குதிரையும் சிறுத்தையும் கைப்பிடியாகத் தொற்றிக்கொண்டிருக்கும் அந்த ஜாடிகளைப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்றால், போர்சலின் வேண்டாம். அந்த அழகு உருவத்திலும் மேலே தீட்டும் நிறத்திலும் இருக்கிறது; குறைந்த சூட்டில் சுடும் வெள்ளை மண்ணே அதற்குத் தாராளம். ஜூலு மக்கள் சோள பீர் பரிமாறும் உகாம்பா என்ற கருத்த பானை மனதில் இருந்தாலும் அப்படித்தான். மண்ணைக் கயிறு போல் திரியாக உருட்டி, திரி திரியாக அடுக்கிக் கட்டி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, திறந்த நெருப்பில் சுட்டு, மறுபடியும் புகையில் கருக்குவார்கள். போர்சலினுக்கு அங்கே வேலையே இல்லை.

போர்சலின் எதற்கு என்றால், வெளிச்சம் ஊடுருவும் மெல்லிய சுவர், கறையில்லாத வெண்மை, மெல்லிசாக இருந்தும் தண்ணீர் உறிஞ்சாத உறுதி. இதில் ஒன்றாவது வேண்டும் என்றால் மேலே படியுங்கள்.

சூளை

கயோலின் என்ற வெள்ளைக் களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் என்ற இரண்டு கனிமங்களின் தூள், மூன்றும் சேர்ந்ததுதான் போர்சலின். பழைய கணக்குப்படி பாதி கயோலின், மற்ற இரண்டும் கால் கால். சூட்டில் ஃபெல்ட்ஸ்பார் உருகிக் கண்ணாடியாகி மற்றவற்றைக் கட்டிப்பிடிக்கிறது. ஒளி ஊடுருவுவது அதனால்தான். அந்த அளவுக்குச் சூடு ஏறாவிட்டால் கையில் கிடைப்பது வெறும் வெள்ளை மண்.

கடையில் கிடைக்கும் போர்சலினில் பொதுவாக இரண்டு ரகம்; சூளைச் சூட்டை அளக்கும் 'கோன்' எண்ணால்தான் அவற்றைச் சொல்வார்கள். கோன் 6 ரகம் சுமார் 1,220 டிகிரி செல்சியசில் முற்றும். கோன் 10 ரகத்துக்கு 1,280ல் இருந்து 1,300 வரை வேண்டும். கோன் 10 மண்ணை 1,220ல் நிறுத்தினால் ஒளி புகாது, தண்ணீர் உறிஞ்சும். கோன் 6 மண்ணை 1,280க்கு ஏற்றினால் பாத்திரம் தளர்ந்து சரிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்; தட்டும் போய்விடும், சூளைக்காரரின் நட்பும் போய்விடும். பொழுதுபோக்கு ஸ்டூடியோக்களில் சில 1,100ஐ ஒட்டியே நிறுத்திக்கொள்கின்றன. "நாங்கள் எல்லா மண்ணும் சுடுவோம்" என்று யாராவது சொன்னால், எத்தனை டிகிரி வரை என்று எண்ணாகவே கேளுங்கள்.

உங்களுக்கு இங்கே மூன்று வழி: சொந்தச் சூளை, கூலிக்குச் சுட்டுத்தரும் இடம், வகுப்போடு சேர்ந்து வரும் சூளை. மூன்றாவதைக் கீழே வகுப்பு பற்றிப் பேசும்போது பார்ப்போம்.

சொந்தச் சூளை எல்லோருக்கும் கனவு. நம் வீட்டுச் சுவர் பிளக் 16 ஆம்பியர், மின்சாரம் 230 வோல்ட்; பெருக்கினால் 3.6 கிலோவாட் சொச்சம். அதற்குள் ஓடும் சூளை சின்னது, கொஞ்சம் பாத்திரம் வைத்தாலே நிறைந்துவிடும். அதைவிடப் பெரியது வேண்டுமென்றால் தனி மின்கம்பி, எலக்ட்ரீஷியன், அவர் தரும் இணக்கச் சான்றிதழ் என்று போகும். சின்னச் சூளையில் ஒரு முறை உயர்சூட்டுக்குப் போனால் பதினைந்து இருபது யூனிட் வரை ஆகலாம். ப்ரீபெய்ட் மீட்டர் வீட்டில் அது கண்ணெதிரே குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு சுடல் எட்டுப் பத்து மணி நேரம் எடுக்கும். லோட் ஷெட்டிங் என்ற சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023ல் அத்தனை மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் கிடைத்தாலே பெரிய விஷயம். 2024ல் இருந்து நிலைமை எவ்வளவோ மேல், ஆனாலும் முழுசாக நம்பிவிட வேண்டாம். முதல் சுடலில், அதாவது கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசுவதற்கு முன் 1,000 டிகிரிக்குச் சுடும்போது, மின்சாரம் போனால் பெரிய நஷ்டமில்லை, மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். கடைசிச் சுடலில் 1,200ஐத் தாண்டியபின் போனால் அந்தச் சுமை முழுக்கச் சந்தேகம்தான். புதிதாகப் பழகுபவர் இந்தத் தலைவலியைத் தேடிப்போய் வாங்க வேண்டாம் என்பது என் கட்சி.

கூலிக்குச் சுட்டுத்தருபவர் இருந்தால் அதுதான் ஆரம்பத்துக்குச் சரி. டிகிரி தவிர இன்னும் சிலது கேளுங்கள். வெளியில் வாங்கிய மண்ணைச் சூளையில் ஏற்றுவாரா? சிலர் தாங்களே விற்கும் மண் அல்லாமல் வேறு எதையும் தொட மாட்டார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது: எங்கிருந்தோ வந்த குறைந்த சூட்டு மண் ஒன்று உருகினால் தட்டு முழுக்க வீண். தட்டில் அலுமினா பூச்சு உண்டா? உயர்சூட்டில் போர்சலின் அடிப்பாகம் இளகித் தட்டைப் பிடித்துக்கொள்ளும், எடுக்கும்போது சில்லு பெயரும். பூச்சு இருந்தால் பிழைக்கும். மின்சாரச் சூளையா, எரிவாயுவா? மின்சாரத்தில் வெண்மை லேசாகத் தந்த நிறம் பக்கம் சாயும். எரிவாயுவில் காற்றைக் குறைத்துச் சுட்டால் மண்ணில் இருக்கும் துளி இரும்பு நிறம் மாறி, நீலம் கலந்த வெண்மை வரும். இரண்டும் அழகுதான். ஆனால் ஒன்றை நினைத்து இன்னொன்றை வாங்கினால் மனசு ஆறாது.

இந்த வழியின் பெரிய குறை சூளை வரை கொண்டுபோவது. சுடாமல் முற்றக் காய்ந்த போர்சலின் அப்பளமாய் நொறுங்கும். சாட்ஸ்வொர்த்தில் இருந்து ஹிகின்சன் ஹைவே வழியாக அதைக் காரில் எடுத்துப்போவது நெஞ்சுரம் உள்ளவர்களுக்கான வேலை. பஞ்சு மெத்தையில் வைத்து, மடியில் ஒருவர் ஏந்திக்கொள்ள, வேகத்தடைக்கு வேகத்தடை மூச்சைப் பிடித்துக்கொண்டு போகலாம். இல்லையென்றால் காகிதம் கலந்த போர்சலினுக்கு மாறலாம். அதைக் கீழே பார்ப்போம்.

மண்

"முதலில் ஸ்டோன்வேரில் (உயர்சூட்டில் சுடும் சாதாரணப் பாத்திர மண்) பழகு, கை படிந்தபின் போர்சலினுக்கு வா" என்பதுதான் எல்லோரும் சொல்லும் புத்தி. சக்கரத்தில் சுற்றுபவர்களுக்கு அது சரி. மண்ணை மையத்தில் நிறுத்தவே சில மாதம் ஆகும்போது விலை உயர்ந்த மண்ணை ஏன் வீணாக்க வேண்டும்? கைவேலையில் எனக்கு அந்தப் புத்தி சரியாகப் படவில்லை. ஸ்டோன்வேர் மன்னிக்கும் மண். வளைந்த தகட்டை நிமிர்த்திவிட்டால் நிமிர்ந்தே நிற்கும். விரிசல் வந்தால் ஈரமண் திணித்து மூடலாம். இதே பழக்கம் கையில் ஏறிவிட்டால் போர்சலினுக்கு வரும்போது அத்தனையையும் மறக்க வேண்டியிருக்கும். ஏனென்றால் போர்சலினுக்கு ஞாபகசக்தி அதிகம். தூக்கும்போது ஒரு முனை தொங்கியதென்றால், அதை நீங்கள் நேராக்கிக் காயவைத்தாலும், 1,200 டிகிரியில் இளகும் நேரத்தில் பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். ஆகவே போர்சலின் செய்ய ஆசைப்படுபவர் போர்சலினிலேயே சின்னதாகத் தொடங்குவது நல்லது. ஸ்டோன்வேர் வழி யாருக்கு ஏற்றது என்றால், பெரிய ஜாடியும் அகலத் தட்டும் கட்டும் ஆசை உள்ளவர்களுக்கு.

போர்சலினுக்குள் சாதா போர்சலினா, காகிதம் கலந்ததா? காகிதக் கலவை என்றால் கடினமான விஷயம் ஒன்றுமில்லை. தண்ணீரில் ஊறிக் கூழான காகித நாரைப் போர்சலின் கூழோடு கலந்து, ஜிப்சம் பலகையில் ஊற்றித் தண்ணீரை இழுக்கவைத்துத் தகடாக எடுப்பது. நார் மண்ணுக்குள் வலைப்பின்னலாக ஓடுவதால் காய்ந்த நிலையிலும் பிடிப்பு இருக்கும். காய்ந்த துண்டோடு ஈரத் துண்டை ஒட்டலாம், முற்றக் காய்ந்தபின் உடைந்ததைக்கூட அதே கூழால் ஒட்டலாம். சாதா போர்சலினில் இதெல்லாம் நடக்கவே நடக்காது. ஹிகின்சன் ஹைவே பயணத்துக்கும் இதுவே துணை.

விலை இல்லாமல் ஒன்றும் இல்லை. ஈரமாக வைத்தால் சில வாரத்தில் நாற்றமெடுக்கும், பூஞ்சை பிடிக்கும், டர்பன் கோடையில் இன்னும் சீக்கிரம். அதனால் தகடாகக் காயவைத்துச் சேமித்து, வேண்டும்போது நனைத்துக்கொள்வதே நல்லது. விளிம்பைச் செதுக்கும்போது நார் கத்தியில் சிக்கி இழுபடும், கோப்பை வாய் மழமழவென்று வராது. சுடும்போது காகிதம் எரிந்து புகை வரும். சூளைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால் கோபப்படுவார், அந்தக் கோபம் நியாயமானது. ஆகவே விளக்கு, தொங்கவிடும் மெல்லிய தகடு, சிற்பம் போன்றவைக்குக் காகிதக் கலவை. உதடு படும் கோப்பைக்குச் சாதா போர்சலின்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜூலியட் ஆம்ஸ்ட்ராங்கின் வேலையைப் பார்த்துவிட்டுச் சிலர் போன் சைனா பற்றிக் கேட்கிறார்கள். எலும்புச் சாம்பல் பெருமளவு சேர்ந்த மண் அது. ஒளி ஊடுருவுவதில் அதற்கு நிகரில்லை, ஆனால் கையில் நெகிழ்வே கிடையாது. பழகும் மண் அல்ல, விட்டுவிடுங்கள்.

எந்த ரகமாக இருந்தாலும் சுருங்குவதைக் கணக்கில் வையுங்கள். ஈர நிலையில் இருந்து சுட்டு முடிவதற்குள் நூற்றுக்கு 12ல் இருந்து 15 வரை குறையும். 10 சென்டிமீட்டர் உயரத்தில் செய்த கோப்பை எட்டரையை ஒட்டி வந்து நிற்கும்.

கட்டும் முறை

கையால் கட்ட மூன்று முறை: உருண்டையைக் கிள்ளி விரிக்கும் கிள்ளல், மண் திரிகளை அடுக்கும் திரி, தட்டையாகத் தேய்த்துச் சேர்க்கும் தகடு. மூன்றிலும் போர்சலினோடு ஒத்துப்போகாதது திரி. உருட்டும்போதே உள்ளங்கைச் சூட்டில் காய ஆரம்பித்து, வளைத்தால் மேற்புறம் வெடிக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு ஒட்டு, ஒவ்வொரு ஒட்டும் சுருங்கும்போது பிரியக்கூடிய இடம். திரி கட்டும் கலையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் டர்பன் கிளென்வுட்டில் இருக்கும் ஃபான்சி மியூசியத்துக்குப் போய் ஜூலு பானைகளைப் பாருங்கள், மலைத்துப்போவீர்கள். அது அந்த மண்ணின் கலை.

கிள்ளல்தான் முதல் வாசல். ஒரு கையில் அடங்கும் உருண்டை, கட்டைவிரலை நடுவில் இறக்கி, சுற்றிக்கொண்டே கிள்ளிக் கிள்ளிச் சுவரை மெல்லிசாக்குவது. ஒட்டே கிடையாது என்பதால் பிரிய இடமில்லை. அடிப்பாகத்தை முதலில் முடித்துவிட்டு மேலே வர வேண்டும்; விளிம்பைக் கடைசி வரை தடிப்பாகவே விட்டுவையுங்கள், இல்லாவிட்டால் அது முதலில் காய்ந்து கீறும். கீறல் தெரிந்ததும் தண்ணீர் தொட்டுத் தடவத் தோன்றும். கூடாது. போர்சலின் தண்ணீரைக் குடித்துச் சொதசொதவென்று ஆகி, சற்று நேரத்தில் சரிந்துவிடும். ஈர ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து விளிம்பில் ஒற்றி எடுத்தால் போதும். சுவர் எவ்வளவு மெல்லிசாயிற்று என்று பார்க்க ஜன்னலுக்கு நேராகப் பிடிப்பதில் பயனில்லை, சுடாத போர்சலினில் ஒளி வராது. விரல்தான் அளவுகோல். இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்பது நுனிவிரலுக்குப் புரிய ஒரு மூட்டை மண்ணாவது ஆகும்.

தகடு அதற்கு அடுத்தது. நேர்க்கோட்டுப் பெட்டி, உருளை விளக்கு, சின்னத் தட்டு எல்லாம் இதில்தான். ரொட்டிக் கட்டையே போதும். இரண்டு பக்கமும் ஒரே கனமான மரச்சட்டம் வைத்து அதன்மேல் கட்டையை ஓட்டினால் கனம் சீராக வரும். ஒரே திசையில் தேய்க்காமல், திருப்பிப் போட்டு இரண்டு முகத்தையும் எல்லாத் திசையிலும் தேயுங்கள். தூக்குவது கையால் அல்ல. மேலே ஒரு பலகை, கீழே ஒரு பலகை, நடுவில் தகடு, மூன்றையும் சேர்த்துப் புரட்ட வேண்டும். ஒட்டும்போது இரண்டு துண்டும் ஒரே ஈரத்தில், தோல் பதத்துக்கு, அதாவது பாதி காய்ந்து தோல் போல் விறைக்கும் நிலைக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். இரண்டு விளிம்பையும் கீறி, அதே மண்ணின் கூழைத் தடவி, கூழ் பிதுங்கும் வரை அழுத்துங்கள். பிறகு பிளாஸ்டிக் போட்டு மூடி இரண்டு நாள் தொடாமல் விடுவது கட்டாயம். ஈரம் எல்லா இடத்திலும் சமமாவதற்குத்தான் அது. அகலத் தட்டு மட்டும் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம், பத்தில் ஒன்பது கோணிக்கொள்ளும்.

தீபாவளி விளக்கு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் விட்டுத் திரியேற்றும் அகலை மெல்லிய போர்சலினில் செய்யாதீர்கள். சுடர் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருந்தால் அந்த இடம் மட்டும் சூடேறி வெடிக்கலாம். அகல் தடிப்பாக இருக்கட்டும், அதற்கு வெளியே ஒரு சாண் உயரத்தில் மெல்லிய தகட்டு உருளை ஒன்று செய்து, சுடரில் இருந்து தள்ளிச் சுற்றி வையுங்கள். ஒளி ஊடுருவும் அழகும் கிடைக்கும், எண்ணெய் அகலும் பத்திரம்.

ஊருக்கு ஊர் காற்று

இதே வேலையை ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் செய்பவருக்கும் டர்பனில் செய்பவருக்கும் அனுபவம் ஒன்றல்ல. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். குளிர்காலக் காற்று எலும்புவரை வறண்டது. அங்கே விளிம்பு அரை மணியில் காய்ந்துவிடும், பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவே பயமாக இருக்கும். நம் டர்பன் புழுக்கம் மனிதர்களுக்குத்தான் தொல்லை, போர்சலினுக்கு வரம். மெதுவாக, சீராகக் காயும். ஆனால் அதிலும் ஒரு வினை உண்டு. பிப்ரவரி மாதத்தில் பார்வைக்குக் காய்ந்த மாதிரி இருக்கும் பாத்திரம் உள்ளே ஈரமாகவே இருக்கும், சூளையில் ஆவி கிளம்பி வெடிக்கும். பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சூளையையும் 100 டிகிரிக்குக் கீழேயே சில மணி நேரம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.

வகுப்பு

வார இறுதி வகுப்பு, ஸ்டூடியோ உறுப்பினராகச் சேர்வது, வீடியோ பார்த்து வீட்டில் தனியாகப் பழகுவது. இதில் வார இறுதி வகுப்பைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள், எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். பெரும்பாலான வகுப்புகளில் ஸ்டோன்வேர்தான் கையில் கொடுப்பார்கள், போர்சலின் கேட்டால் அடுத்த நிலைக்கு வாருங்கள் என்பார்கள். தவிர, இரண்டு மணி நேரத்தில் ஒரு கோப்பையை முடித்து வைத்துவிட்டு வருவதில் போர்சலினின் முக்கியமான பாடம் விட்டுப்போகிறது. அந்தப் பாடம் காயவைக்கும் நாட்களில்தான் இருக்கிறது. நீங்கள் வீட்டில் இருக்கும்போது வேறு யாரோ பிளாஸ்டிக்கைத் திறந்து மூடினால் நீங்கள் என்ன கற்பது?

உறுப்பினராகச் சேர்ந்தால் அலமாரி, சூளை, பக்கத்தில் அனுபவசாலிகள் எல்லாம் கிடைக்கும். வேண்டாதது ஒன்றும் கூடவே வரும், பக்கத்து மேசையின் சிவப்பு மண். போர்சலினில் ஒரு துளி இரும்பு மண் பட்டால் சுட்டபின் பழுப்புப் புள்ளியாக நிற்கும். தனி ஸ்பாஞ்சு, தனித் துணி, தனிக் கருவி வைத்துக்கொள்ள இடம் தருவார்களா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். செராமிக்ஸ் சதர்ன் ஆப்பிரிக்கா என்ற சங்கத்துக்குக் குவாசுலு-நட்டால் கிளை உண்டு. அங்கே விசாரித்தால் போர்சலினில் கை வைப்பவர்கள் யார், யார் சூளை எவ்வளவு ஏறும் என்பதெல்லாம் பேச்சுவாக்கில் தெரியும்.

நான் யாருக்கும் முதலில் சொல்வது ஒரு கலவையான வழி. போர்சலினில் உண்மையாகவே வேலை செய்யும் ஒருவரிடம் ஒரே ஒரு நாள் கிள்ளலும் தகடும் கற்றுக்கொள்ளுங்கள். அவர் சூளையிலேயே கூலிக்குச் சுட ஒப்புக்கொள்ளச் செய்யுங்கள். அவர் சுடும் டிகிரிக்கு ஏற்ற சாதா போர்சலின் ஒரு மூட்டை வாங்கி வந்து வீட்டில் கிள்ளிக்கொண்டிருங்கள். அந்த மூட்டை தீர்ந்ததும் காகிதக் கலவையில் தகட்டு வேலை. ஓய்வு பெற்று நேரம் தாராளமாக இருக்கும் பெரியவர்களுக்கும், சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ராத்திரியில் மட்டும் நேரம் கிடைக்கும் அம்மாக்களுக்கும் இதுவே வசதி. அடுக்குமாடியில் இருந்து வேலைக்குப் போய் வருபவர்களுக்கு, வீட்டில் மேசை போட இடமில்லை என்றால், உறுப்பினர் வழி. சொந்தச் சூளை, மாதா மாதம் கூலியாகக் கொடுக்கும் பணம் கையைக் கடிக்க ஆரம்பித்தபின்.

வீட்டில் செய்பவர்கள் சமையலறை மேசையில் செய்யாதீர்கள். போர்சலினில் கால் பங்கு குவார்ட்ஸ். காய்ந்த தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது, ஆண்டுக்கணக்கில் சேர்ந்தால் சிலிகோசிஸ். பின்வராந்தாவோ கராஜோ போதும். துடைப்பம் போட்டுக் கூட்டக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். காய்ந்த விளிம்பை உப்புத்தாளால் தேய்க்க நினைத்தால், ஈர ஸ்பாஞ்சால் தேயுங்கள். வேலை செய்யும் ஏப்ரனை வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக, தினமும் துவையுங்கள்.